மருந்து இல்லாத ஊர்

ஜூன் 2, ஞாயிறு

எமீமாள் இன்று சபையில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் வரை நாங்கள் இரண்டு பேரும் ஆறாவது பாயில்தான். இன்று அவளுடைய அம்மா யோகெபேத் அத்தையை ஓபேத் மூப்பர் கையைப் பிடித்து முன்பாய்க்கு அழைத்துப்போனார். "தேவன் இந்தச் சகோதரியைத் தொட்டிருக்கிறார்" என்றார். அத்தையின் வலது கை அப்போதும் ஆடிக்கொண்டே இருந்தது. சபை முழுவதும் அழுதது. தொடுதல் பெற்றவர்களின் பிள்ளைகளும் முன்பாயில் உட்காரலாம் என்பதால் எமீமாள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பார்க்காமலே போயிருக்கலாம்.

அத்தை என் அப்பாவுக்கு உடன்பிறந்த அக்கா. மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. எமீமாள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு; இரண்டு பேரும் எட்டில் இருக்கிறோம். கையெழுத்து எனக்குத்தான் நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை.

இதை எழுதுவது தெரிந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். எங்கள் ஊர் பெனியேலில், சபையின் சாட்சிப் புத்தகத்தைத் தவிர எதிலும் யாரும் எதுவும் எழுதக் கூடாது. போன வருடம் ரூபேன் வீட்டு அக்கா எழுதி வைத்திருந்த காகிதத்தை, சபையில் அவளையே நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் அவளுக்குக் குரல் போய்விட்டது. மிச்சத்தை மூப்பர் வாசித்தார். அதனால் எல்லோரும் படுத்த பிறகு விறகு அடுக்கின் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இருமினால் விளக்கை ஊதிவிடுவேன்.

ஆண்டவரே, எங்கள் வீட்டிலும் ஒருவரைத் தொடும். அம்மாவை வேண்டாம், சமையல் இருக்கிறது. அப்பாவைத் தொடும்.

ஜூன் 5, புதன்

ஏலச்செடிகளுக்கு அடியில் சருகு போட்டோம். அட்டை இரண்டு இடத்தில் கடித்தது. எமீமாள் வரவில்லை. தொடுதல் வந்த வீட்டுக்கு ஒரு மாதம் தோட்ட வேலை கிடையாது. கிணற்றிலும் அவளுக்குத்தான் முதல் குடம்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் சாப்பிடாமல் ஜெபித்தேன். அம்மா கேட்டதற்கு வயிறு வலி என்றேன். எமீமாள் புது ரிப்பன் கட்டியிருந்தாள். தொடுதல் வீட்டுக்கு யாரோ கொடுத்ததாம்.

ஜூன் 14, வெள்ளி

இன்று பால் கலக்கும் நாள்.

ஏலத்துக்குப் புழு விழாமல் அடிப்பதை நாங்கள் பால் என்போம். டப்பாவில் இருக்கும்போது தேன் நிறத்தில் இருக்கும். தண்ணீரில் ஊற்றியதும் வெளேரென்று மாறிவிடும். பெனியேலில் மாடு கிடையாது, வேறு பாலும் கிடையாது. நாற்பத்தொரு வீட்டுக்கும் அப்பாதான் கலந்து கொடுப்பார். லாரியில் டப்பாக்கள் வந்ததும் முதல் வேலை, அவற்றைத் தொட்டியில் ஊறப்போட்டு மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிப்பது. உரித்ததை எரிக்க வேண்டும். அது என் வேலை. நான் எல்லாவற்றையும் எரிப்பதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. இதை எழுதுவதும் அப்படிப்பட்ட ஒரு தாளில்தான்.

முன்பக்கம் ஒரு சிவப்புக் கட்டம், மண்டை ஓடு, பெரிய எழுத்தில் 'பூச்சி மருந்து'. அந்தச் சொல்லுக்காகத்தான் உரிக்கச் சொல்கிறார்கள். உடம்புக்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்பதால் மருந்து என்கிற சொல்லே ஊருக்குள் வரக் கூடாது. சின்ன எழுத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. கையில் உறை போட வேண்டுமாம். மூக்கைக் கட்ட வேண்டுமாம். கிணற்றின் பக்கம் கழுவக் கூடாதாம். எங்கள் கொட்டகை கிணற்றை ஒட்டித்தான் இருக்கிறது. அது மலைக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார். கம்பால் கலக்கினால் அடியில் கட்டி நின்றுவிடும். தெளிக்கிற டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு வந்த பாரூக்கு சித்தப்பா மூக்கைப் பொத்தினார்.

"எப்பிடிண்ணே இங்கன நிக்கிய? குடலைப் பிடுங்குது."

"எனக்கு ஒரு வாடையும் தெரியல தம்பி. இப்பமெல்லாம் எங்க தெரியுது?"

எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்க, அப்பா மட்டும் சாதாரணமாக நின்றார். பெருமையாக இருந்தது. எமீமாளும் அங்கே நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 19, புதன்

கண்டுவிட்டேன்!

அப்பா சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நூல் திரிப்பதுபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. நூல் எதுவும் இல்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. சரியாகப் பதினேழு நாள் ஜெபம்.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதப் போனாள்.

"குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும். வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படு."

"குளிரே இல்லையேம்மா."

"கெத்சியா, சொன்னாக் கேளு. வெளியே ஒரு வார்த்தை பேசப்படாது."

அம்மாவுக்கு எப்போதும் சந்தோஷப்படத் தெரியாது. ஒரு மாதமாக அவள் அடுக்களையில்தான் படுக்கிறாள். அப்பா தூக்கத்தில் கையைக் காலை வீசி உதைக்கிறாராம். விலாவில் பச்சை நிறத்தில் காயம் இருக்கிறது. கனவில் யாரோடு சண்டை போடுகிறாரோ.

ஜூன் 30, ஞாயிறு

ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறாள். பெயர் குழல்வாய்மொழி. அப்படி ஒரு பெயரை நான் கேட்டதே இல்லை. மூப்பர் அவளைப் படிக்குக் கீழேயே நிறுத்தினார்.

"எங்க ஜனங்களுக்கு உங்க வைத்தியம் வேண்டாம்."

"நான் வைத்தியம் பாக்க வரலை ஐயா. கேள்வி கேக்கத்தான் வந்திருக்கேன். இத்தனை சின்ன ஊர்ல இத்தனை பேருக்குக் கை நடுங்குதுன்னு கேள்விப்பட்டேன். எப்படி, எப்போலேருந்துன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவேன்."

மூப்பருக்கு அது பிடித்துவிட்டது. தொடுதலைப் பற்றி வெளியே உள்ளவர்களும் எழுத வந்துவிட்டார்கள் என்று சபையில் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பின் அறையைக் கொடுத்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத, ஊர்ப் பிள்ளை ஒருத்தி வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டாள். நன்றாக எழுதுகிற பிள்ளை.

நான் எழுந்து நின்றேன். உண்மையாகவே எழுந்து நின்றேன்.

மூப்பர் என்னைத் தாண்டி முன்பாயைப் பார்த்து, "எமீமாள்" என்றார்.

ஜூலை 3, புதன்

அவளுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், மேலே இரும்புக் கிளிப் வைத்தது. கழுத்தில் கயிறு கட்டிய பேனா. அதை ஆட்டிக்கொண்டே நடக்கிறாள். நான் விறகு பொறுக்குவதுபோலப் பின்னாலேயே போனேன்.

தீமோன் தாத்தா வீட்டு வாசலில் அவள் வாசித்தது முழுவதும் கேட்டது. எந்தக் கிணற்றுத் தண்ணீர்? அப்பா அம்மா சொந்தத்தில் கட்டினவர்களா? எப்போது கை நடுங்க ஆரம்பித்தது? எந்தக் கை முதலில்? பிறகு, "தோட்டத்துக்கு மருந்து அடிச்சதுண்டா? எத்தனை வருசம்?" என்றாள். அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பாயில் உட்காருகிறவர். நாற்பது வருடம் முதுகில் டப்பா கட்டியவர்.

"மருந்தா? ஏட்டி, எந்த வீட்டுல வந்து என்ன கேக்க? எங்க அப்பன் காலத்துலயிருந்து இந்த வீட்டுக்குள்ள மருந்து வந்தது கிடையாது. எழுதிக்கோ. இல்லைன்னு பெருசா எழுதிக்கோ."

எமீமாள் 'இல்லை' என்று எழுதினாள். அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டிலும்.

டாக்டரம்மா கேட்பது பாலைப் பற்றி என்று எமீமாளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பெனியேலில் பார்த்தவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பா படிப்பதில்லை, உரிப்பார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

ஜூலை 6, சனி

துவைக்கிற கல்லில் இருந்தபோது டாக்டரம்மா வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். என் பெயர் என்ன என்று கேட்டாள். எமீமாளுக்கு நான் என்ன முறை என்று கேட்டாள். எல்லோரும் எமீமாளில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

"இந்தத் தொடுதல் யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் டம்ளரைக் கல்லின் மேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க மூப்பர் கோவிச்சுக்குவார். ஆனா நீ கேட்டதால சொல்றேன். இது நோய்ம்மா. பார்க்கின்சன்னு பேரு. மூளைக்குள்ள ஒரு இடத்துல இருக்கிற செல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது. கை நடுங்கறது ரொம்பப் பின்னாடிதான் வரும். அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாமப் போகும். தூக்கத்துல கத்துவாங்க, உதைப்பாங்க. நடக்கும்போது ஒரு கை வீசாது. எழுத்து சின்னதாயிடும்."

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

"எதனால வருது?"

"முழுசா யாருக்கும் தெரியாது. ஊர்ல எல்லாரும் ஏழு குடும்பத்து வழிதான், உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிறீங்க, அதனால ரத்தத்துலயே வரலாம். கிணத்துத் தண்ணியா இருக்கலாம். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தா இருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். ஆனா இங்க மருந்தே அடிக்கிறதில்லையாமே? பாலைத்தான் தெளிக்கிறாங்கன்னு மூப்பர் சொன்னார். எவ்வளவு நல்ல பழக்கம்! அப்போ ரத்தமாத்தான் இருக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. அப்போது எமீமாள் மேட்டிலிருந்து, "டாக்டரம்மா, நாலு வீடு முடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். டாக்டரம்மா திரும்பிச் சிரித்தாள். "கெட்டிக்காரி" என்றாள்.

"ஆமா. பால்தான்" என்றேன்.

ஜூலை 8, திங்கள்

எமீமாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கிணற்றுக்குப் போயிருந்தாள். அப்பா கொட்டகையில். நான் அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன்.

"எங்க வீட்டை நானே எழுதிக்கிடுதேன்."

"ஏட்டி, கேட்டுத்தான் எழுதணும். உங்கப்பா எங்க?"

"எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லித்தரணுமா?"

தோளைக் குலுக்கிவிட்டு வாசலில் நின்றாள். நான் அழகாக எழுதினேன். வாசனை: தெரியும். தூக்கம்: நன்றாகத் தூங்குவார். நடுக்கம்: இல்லை. மருந்து அடித்தல்: இல்லை. கோடு தாண்டாமல் எழுதினேன். அவள் எழுதிய தாள்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் என்னுடையதுதான் நன்றாக இருந்தது.

அதற்காகத்தான் வாங்கி எழுதினேன். வேறு ஒன்றுக்குமில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கொட்டகைக் கணக்கில் அப்பா வீட்டுப் பெயர்களை எழுதினார். கடுகு மாதிரி எழுத்து. கடைசிப் பெயர் எனக்கு வாசிக்கவே வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பாட்டு நடக்கும்போது மூப்பர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நேராக எங்கள் பாய்க்கு வந்தார். அப்பா இடது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"சகோதரன் எல்கானாவையும் தேவன் தொட்டிருக்கிறார்."

நாங்கள் முன்பாய்க்குப் போனோம். அப்பா எழுந்திருக்க நேரமானது. அம்மா வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்கள் தூக்கி நடத்தி வந்தார்கள். எமீமாள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ தெரிந்தவள் போல.

அத்தை அப்பாவின் பக்கம் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்தப் பாய்ல உக்காருதது லேசு தம்பி. எந்திரிக்கதுதான் பாடு."

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

டாக்டரம்மாவின் தாளில் காரணம் எழுத மூன்று இடம் இருக்கிறது. ரத்தம், தண்ணீர், மருந்து. அத்தை மகளைப் பார்த்து வயிறெரிந்து ஒரு பெண் ஜெபித்தால் என்று எழுத இடமே இல்லை.

ஜூலை 17, புதன்

எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லி இல்லை.

பால் தெளிப்பதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறாள். "எந்த மாட்டுப் பால்?" என்று எமீமாளிடம் கேட்டிருக்கிறாள். எமீமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "இங்க ஏது மாடு? டப்பாப் பால்லா!" என்றிருக்கிறாள். டாக்டரம்மா கொட்டகைக்கு ஓடி வந்தாள். ஒரு டப்பாவைத் தூக்கி மூடியை முகர்ந்து பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒரு முட்டாள். நான் ஒரு முட்டாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எமீமாள் அழவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பிவிட்டாள். தீமோன் தாத்தா வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை "பால் அடிச்சதுண்டா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தாளிலும் 'இல்லை'யை அடித்து வருடத்தை எழுதினாள். முப்பது. நாற்பது. பன்னிரண்டு.

தப்பு செய்தவள் அவள். அதைத் திருத்தியதற்கும் அவளுக்குத்தான் பேர்.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினாள். நனைந்திருந்தாள்.

"கெத்சியா, உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. திற."

"எங்க வீட்டுத் தாள் சரியாத்தான் இருக்கு."

"பால் கலக்கதே உங்கப்பாதான்!"

"சரியாத்தான் இருக்குன்னு சொல்லுதேம்லா. போ."

தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நான் பொய் எழுதினேன் என்று அவள் கையால் திருத்தி, அதை டாக்டரம்மாவிடம் காட்டுவாள். அதை மட்டும் நான் விடமாட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் டாக்டரம்மா முற்றத்தில் நின்று பேசினாள். மூப்பர் தடுக்கவில்லை, சாட்சி வாசிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாள். கீழே எத்தனையோ ஊரில் மருந்து அடிக்கிறார்கள், எல்லோருக்கும் இது வருவதில்லை. உங்கள் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருந்து, அதோடு மருந்தும் சேர்ந்ததோ என்னவோ. பார்க்க வேண்டும். ஆனால் இன்றிலிருந்து யாரும் அதில் கையை விடாதீர்கள். நோய் வந்தவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. குணமாகாது, ஆனால் எழுந்து நடக்கலாம், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொள்ளலாம். புதன்கிழமை ஜீப் வரும்.

பிறகு தாள்களைப் பார்த்துப் பெயர் வாசித்தாள். அத்தை பெயர் வந்தது. தீமோன் தாத்தா பெயர் வந்தது. பதினோரு பெயர். எல்கானா என்று வரவில்லை. தாளின்படி அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

மூப்பர் முகம் கறுத்துவிட்டது. "தேவன் தொட்டதை மாத்திரையால் அழிக்கப் போகிறவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போகட்டும்" என்றார்.

எமீமாள் எழுந்தாள். அத்தையின் அக்குளில் கையைக் கொடுத்து அவளையும் எழுப்பினாள். "நாங்க போறோம் மூப்பரய்யா" என்றாள்.

அந்தத் தைரியமும் அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

பால் வாங்க ஒருவரும் கொட்டகைக்குள் வரவில்லை. பாரூக்கு சித்தப்பா கொட்டகைக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றார்.

"எங்களுக்கெல்லாம் பயமா இருக்குண்ணே. உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லன்னு தாள்லயே இருக்காம்லா. கை ஆடுதது நெசமான தொடுதல்ன்னு மூப்பரும் சொல்லுதாவ. நீங்களே எல்லாருக்கும் கலந்து தந்திருங்க."

மழைக்குப் பிறகு புழு விழுந்திருக்கிறது. நாற்பத்தொரு வீட்டுக்கும் இன்றும் நாளையும் அடிக்க வேண்டும். அப்பா சட்டைக் கையை மடிக்க முடியாமல் நின்றார். நான் மடித்துவிட்டேன். டிரம்முக்குள் கையை விட்டார்.

அம்மா இரவுச் சாப்பாட்டின்போது, "நம்ம பேரை மட்டும் ஏன் வாசிக்கல?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

"தெரியல" என்றேன். இந்த வரியை மூன்று தடவை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

விடிந்ததும் எமீமாள் வீட்டுக்குப் போனேன். அத்தையைப் பின்முற்றத்தில் பலகையில் உட்காரவைத்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அத்தை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுத் தாள்ல நான் பொய் எழுதிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மாத்தல? ஏன் டாக்டரம்மாட்ட சொல்லல?"

"அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். உங்கப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாவ. எம்மக எழுதினது சரிதான்னு சொல்லிட்டாரு. உன்னப் பொய்க்காரி ஆக்க மாட்டாராம். அவரு ஒத்துக்கிடாம பேரை வாசிக்க முடியாதுன்னுட்டாவ." தண்ணீரை ஓங்கி ஊற்றினாள். "உனக்கென்னட்டி. உனக்காகப் பொய் சொல்ல அப்பா இருக்காரு."

"நீ மட்டும் என்ன! முன்பாய், அட்டை, பேனா, ரிப்பன். எல்லாம் உனக்குத்தான வருது."

எமீமாள் என்னைப் பார்த்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"ரிப்பன் வேணுமா? எடுத்துக்கோ. இதையும் வந்து செய். உங்க வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உங்கம்மா நடந்து வந்து கதவைத் திறப்பாவ. குடத்தை இடுப்புல வச்சிக்கிட்டு. அதைப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல் தெரியுமா? உங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு வரணும்னு நானும் நெனச்சிருக்கேன்."

அத்தை பலகையிலிருந்து, "ரெண்டு பேரும் வாயை மூடுங்கட்டி. குளிருது" என்றாள்.

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாகத் தூக்கினோம். அத்தையின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டது. எமீமாள் தன் பாதத்தை அத்தையின் பாதத்துக்கு முன்னால் வைத்து, "இதைத் தாண்டும்மா" என்றாள். அத்தை தாண்டினாள். எனக்கு அது தெரியாது.

அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். அப்பா கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பற்றிச் சொன்னேன், மண்டை ஓட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு ஜெபத்தையும் சொன்னேன்.

அப்பா சிரித்தார். முகம் அவ்வளவாக அசையவில்லை, ஆனால் சிரிப்புதான்.

"எப்பம் ஜெபம் பண்ணின?"

"ஜூன்ல."

"எனக்கு வாடை தெரியாமப் போயி அஞ்சு வருசமாச்சு மக்ளே. விரலு போன வருசமே ஆட ஆரம்பிச்சிட்டு. அக்கா படுத பாட்டைப் பாத்து, அந்தப் பாய்க்குப் போகப்படாதுன்னு துண்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். உங்கம்மைக்குத் தெரியும். நீ பாவம், இதெல்லாம் உன்னாலன்னு கெடந்தியா?"

"நாளைக்கு ஜீப்புல போங்கப்பா."

"போனா பாய் இல்ல, சபை இல்ல. உனக்கு நாளைக்கு இந்த ஊருல மாப்பிள்ளை கெடையாது. நீ பொய் எழுதினேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லவேண்டி வரும்."

"சொல்லுதேன். கையை வெளியே எடுங்க."

அவர் எடுக்கவில்லை. நான் அவர் முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தேன். கை கனமாக வந்தது. வெள்ளையாகச் சொட்டியது. கிணற்றுப் பக்கம் போகாமல், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேட்டில் வைத்துக் கழுவினேன்.

ஜூலை 24, புதன்

அம்மா தூங்கவில்லை, ஆனால் இன்று நான் விளக்கை ஊதவில்லை.

ஜீப்புக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. மூப்பர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மாவிடம் எங்கள் தாளைக் கேட்டேன். சத்தமாகச் சொன்னேன். "எங்க அப்பாவுக்கு அஞ்சு வருஷமா வாசனை தெரியாது. தூக்கத்துல உதைப்பாரு. பதினேழு வருஷமா மருந்து கலக்குதாரு. வெறும் கையால. இதுல எழுதியிருக்கது எல்லாம் நான் எழுதின பொய்."

"என்ன வார்த்தை சொன்னாய்?" என்றார் மூப்பர்.

"மருந்து" என்றேன். குரல் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

மூப்பர் என் பெயரைச் சொல்லி ஏதோ சொன்னார். என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அம்மா முன்னால் வந்து, "பாயை நீங்களே வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவை ஜீப்பில் ஏற்றினாள்.

எட்டுப் பேரும் ஏறிய பிறகு துணைக்கு ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. நான் படியில் காலை வைத்துவிட்டேன். டாக்டரம்மா, "எமீமாள் வரட்டும்மா. கால் ஒட்டிக்கிட்டா எப்படி நடக்க வைக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

காலை எடுத்தேன்.

எமீமாள் ஏறிக்கொண்டாள். "உங்கப்பாவை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். "பொத்தான் போட முடியாது, கேட்கவும் மாட்டாரு. நீயா போட்டுவிடணும். சூடா எதுவும் இடது கையில கொடுத்திராத" என்றேன். "சரிட்டி" என்றாள். மறுபடியும் சொன்னேன். "சரின்னு சொல்லிட்டேம்லா" என்றாள்.

ஜீப் கிளம்பியது. முதல் வளைவில் ஒரு குலுக்கல். அப்பா சாய்ந்து எமீமாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். வளைவு திரும்பும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

அது என் தோளாக இருந்திருக்க வேண்டும். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அவள் தோளை அசைக்கவே இல்லை. அதையும் பார்த்தேன்.